குங்குமம் வைத்த வாரண்டி கார்டு

மலேசியாவின் கேமரன் மலைக் குளிரில் குளிப்பதற்குத் தைரியம் வேண்டும். எனக்கு அது இல்லாததால் பாட்டு வேண்டும். முதல் சொம்புத் தண்ணீர் முதுகில் விழும்போது பக்கத்தில் யாராவது உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தால் என் அலறல் வெளியே கேட்காது. (நன்றாகவே கேட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பொறாமை!) இந்தப் பழக்கம்தான் பத்தொன்பது வயதில் என்னைத் தானா ராத்தா டவுனில் ஒரு ரேடியோ கடையில் நிறுத்தி மானத்தை வாங்கியது.

எழுபதுகளின் கடைசி அது. நான் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் வேலையில் இருந்தேன். என் அக்கா சரோஜாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். அத்தானுக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தானின் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். சும்மா வாசிப்பேனா? ‘என் கண்ணே’ என்று வரும் இடத்தில் நிறுத்தி, “யாருக்கா அந்தக் கண்ணு?” என்று கேட்பேன். பிறகு அந்த வரியை இன்னும் இரண்டு தடவை வாசிப்பேன். அக்கா துடைப்பத்தைத் தேடுவாள்.

தீபாவளிக்கு வந்த அத்தானிடம் அவள் போட்டுக் கொடுத்துவிட்டாள். மறுநாளே அவர் தானா ராத்தாவுக்குப் போய் ஒரு ரேடியோ கேசட் மெஷின் வாங்கி வந்தார். இனிமேல் கடிதம் கிடையாதாம்; பேசி, பதிந்து, தபாலில் அனுப்புவாராம். அதாவது, என்னை வேலையை விட்டுத் தூக்குவதற்கென்றே வாங்கிய மெஷின் அது. ஒரு வருட வாரண்டி. அந்தக் கார்டுக்குக் குங்குமப் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள் அக்கா.

அக்காவுக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து, மெஷினைக் குளிக்கிற தொட்டியின் விளிம்பில் வைத்தேன். பெட்டரியில் ஓடுகிறது, கரண்ட் அடிக்காது என்கிற அளவுக்கு எனக்கு விஞ்ஞானம் தெரியும். பாட்டு உச்சத்துக்குப் போனது. சத்தத்தைக் கூட்டலாமே என்று சோப்புக் கையை நீட்டினேன். வழுக்கிக்கொண்டு தொட்டிக்குள் போய்விட்டது. தண்ணீருக்குள்ளும் அரை வரி பாடியது என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் வெயிலில் காய வைத்திருப்பாள். எங்கள் மலையில் அன்றைக்கு வெயில் ஏது? என் மூளையோ ஃபேக்டரியில் வளர்ந்த மூளை. மழையில் சொட்டச் சொட்ட வரும் கொழுந்தை மேல்மாடியில் நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை விடுவார்கள். காலையில் பார்த்தால் இலை ஈரமெல்லாம் போய்த் துவண்டு கிடக்கும். இலைக்கு ஆகிற வைத்தியம் ரேடியோவுக்கு ஆகாதா? மெஷினைக் கைலித் துணியில் சுற்றி எடுத்துப்போய், கடைசித் தொட்டியில், இலைக்கு அடியில், குழந்தையைப் படுக்க வைப்பதுபோலப் படுக்க வைத்தேன். பெட்டரியைக் கழற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

காலையில் எடுத்தபோது மேலே பொட்டு ஈரம் இல்லை. நல்ல மணம். பொத்தானை அழுத்தினால்தான் மூச்சுப் பேச்சு இல்லை.

“தானா நின்னுபோச்சுக்கா. நான் தொடவே இல்ல” என்றேன் அக்காவிடம். அன்றைக்குப் பார்த்துத்தான் அத்தானின் புதுக் கேசட் தபாலில் வந்திருந்தது. அக்கா கலங்கவில்லை. முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள்.

“வாரண்டி இருக்குல்ல, எதுக்குடி மூஞ்ச தூக்கி வச்சிருக்கே? கெளம்பு, நானும் வரேன்.”

பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் குலதெய்வத்துக்கு ஒரு கோழி நேர்ந்துகொண்டேன்.

கடை முதலாளியை எங்கள் ஊரில் தவுக்கே என்போம். இந்தத் தவுக்கே சீனர். எஸ்டேட் சனங்களிடம் வியாபாரம் செய்து செய்து எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். கார்டை வாங்கினார், குங்குமத்தைப் பார்த்தார், பயபக்தியோடு மேசையில் வைத்தார்.

“தண்ணி பட்டுச்சா?”

“சேச்சே! தண்ணியா? துணி போட்டு மூடித்தான் வைப்போம் லா!” என்றேன். பொய்யைக் கொஞ்சம் குறைவாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவர் திருகாணிகளைக் கழற்றினார். பெட்டரிப் பெட்டியிலிருந்து ஒரு கரண்டி பழுப்புத் தண்ணீர் மேசையில் கொட்டியது. மோந்து பார்த்தார். “சோப்பு வாசம்.” பிறகு இடுக்கியை உள்ளே விட்டு, மெதுவாக ஒன்றை வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு இலை, ஒரு கொழுந்து. எங்கள் ஃபேக்டரியில் அவ்வளவு பக்குவமாக வாடிய இலையை நான் பார்த்ததே இல்லை.

“உள்ளுக்கு நல்ல மழை போல, தங்கச்சி. தேயிலை மொளச்சிருக்கு.”

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். தவுக்கே கார்டைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தில் விரலை வைத்தார். “தண்ணி போனா வாரண்டி போச்சு. நான் எழுதினது இல்ல, கம்பெனி எழுதினது.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“குளிக்கிறப்ப வச்சியா?”

“ம்.”

“ஃபேக்டரியிலயா காயப்போட்டே?”

“ம்.”

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. பையிலிருந்து கேசட்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “பிரசவத்துக்கு லீவு கெடைக்குதா இல்லையான்னு இதுலதான்டி சொல்லியிருப்பாரு” என்றாள். குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவமானம் புதிதில்லை. வாரத்துக்கு ஒன்று படுவேன். ஆனால் அன்றைக்குப் பட்டது வேறு. அழுதுவிட்டேன்.

அழுதுகொண்டே தொட்டி, சோப்பு, சூடான காற்று என்று எல்லாவற்றையும் தவுக்கேயிடம் கொட்டினேன். “தப்பு என்னோடது தவுக்கே. மெஷின விடுங்க. இந்தக் கேசட்ட மட்டும் ஒரு தடவ போட்டுக் காட்டுங்க.”

“நனைஞ்ச அன்னிக்கே வந்திருந்தா இவ்ளோ கெட்டிருக்காது” என்று முணுமுணுத்தபடியே அவர் கேசட்டை வாங்கினார். கடையிலேயே பெரிய செட்டில் போட்டார். வாசலில் கட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கரும் அந்தச் செட்டோடுதான் இணைந்திருந்தன என்பது அவருக்கும் ஞாபகமில்லை.

“சரோ... என் ராசாத்தி...”

தெருவே நின்றது. எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னார்.

“ஒன் தங்கச்சி பக்கத்துல இருந்தா மொதல்ல அவள வெளிய அனுப்பு.”

மொத்தக் கடையும் என்னைப் பார்த்தது. வெளியே போய்விடலாம்தான், அங்கே இன்னும் கூட்டம். அசையாமல் நின்றேன்.

“லீவு குடுத்துட்டாங்க சரோ. மாசக் கடைசியில வந்துருவேன். புள்ள பொறக்கறப்ப ஒன் பக்கத்துல இருப்பேன். பயப்படாத.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். காய்கறிக் கூடையோடு வந்த ஓர் அம்மா, யாரென்றே தெரியாத அக்காவைக் கட்டிக்கொண்டாள். தவுக்கே எங்களுக்கு முதுகைக் காட்டி, சுத்தமாக இருந்த கண்ணாடி அலமாரியை வெகுநேரம் துடைத்தார். கிளம்பும்போது, “மெஷின் இங்கயே இருக்கட்டும். வாரண்டியில இல்ல, சும்மா பாக்குறேன்” என்றார்.

இரண்டு வாரத்தில் அது பிழைத்துக்கொண்டது. ஓட்டம் மட்டும் கொஞ்சம் மெதுவாகி, அத்தானின் குரல் கட்டையாகக் கேட்டது. (அக்காவுக்கு அதுதான் பிடித்தது.) சொன்னபடியே அத்தான் வந்தார். பெண் குழந்தை.

அதன்பிறகு அக்கா எந்தப் பொருளையும் என்னை நம்பித் தரவில்லை. டார்ச் லைட்டைக்கூட ஒளித்து வைத்தாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது நான் கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். நாற்பது நாள் கழிந்த பிறகு ஒரு காலையில் வெந்நீர் விளாவி வைத்திருந்தாள். என்னைக் கூப்பிட்டு, குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

“ஒன்ன நம்பித்தான் குடுக்கறேன். குளிப்பாட்டு” என்றாள். “பாட்டு வேணும்னா பாடிக்க. ஆனா குளிப்பாட்டி முடிச்சதும் தொடச்சு எங்கிட்டக் குடு. காய வைக்க ஃபேக்டரிக்குத் தூக்கிட்டுப் போயிடாத!”

அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவர்கள் மழையில் நனைந்து வீட்டுக்குள் ஓடி வந்தால், துண்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கேட்கிறாள்: “துண்டு போதுமா, இல்ல சித்தியோட ஃபேக்டரிக்கு அனுப்பவா?” பிள்ளைகள் “ஃபேக்டரி!” என்று கத்திக்கொண்டு, ஈரத்தோடு நேராக என் மடியில்தான் வந்து விழுகின்றன.