ஐஸ் அண்ணையும் ஒன்றரைப் பருவ ஹொக்கிக் குழுவும்

நடந்தது இவ்வளவுதான்:

1. இரண்டாயிரங்களின் நடுவில், மொன்றியலை அடுத்த லவாலில் ஒரு தொழில்முறை ஐஸ் ஹொக்கிக் குழு தொடங்கினார்கள்.
2. அது ஒன்றரைப் பருவம் ஆடியது.
3. உரிமையாளர்கள் குழுவை மூடுவதாகப் பிரெஞ்சில் நாலு வரி எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.
4. குளிரூட்டி இயந்திரத்தை நிறுத்த, அதுவரை அதைப் பராமரித்துவந்த என்னையே என் கம்பனி அனுப்பியது.
5. இயந்திர அறை வாசலில் ஐஸ் அண்ணை கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

மொன்றியலிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐஸ் அண்ணை அளவுக்கு ஹொக்கியை வெறுத்தவர் எவருமில்லை. ஐஸ் மினுக்கும் வண்டி ஓட்டுவது அவர் வேலை. ஆட்டக்காரர்கள் அவருக்கு நாசகாரக் கும்பல்.

இடைவேளைகளில் ஐஸைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு வருவார். உடனே கோல் காப்பவன் கால் வழுக்காமலிருக்கத் தன் இடத்தைச் சப்பாத்தின் அடியிலுள்ள கத்தியால் சுரண்டுவான். எல்லாக் காப்பாளர்களும் செய்வதுதான்.

"டேய், இப்பதானேயடா மினுக்கிப்போட்டு வாறன். காலில சொறியே உனக்கு?"

அவன் கையை உயர்த்தி, "மெர்சி" என்பான்.

"பாத்தியே பிள்ளை, செய்யிறதையும் செய்துபோட்டு நன்றி வேற."

ஒருவன் மூன்று கோல் அடித்தால் பார்வையாளர்கள் தொப்பிகளை ஐஸில் எறிவது வழக்கம். அண்ணை அத்தனையையும் பொறுக்கிக் குப்பையில் போட்டார். தொப்பி கேட்டு வந்தவர்களிடம், "உங்கட வீட்டு ஹோலுக்கை எறிவீங்களே?" என்றார், தமிழில்.

நான் நிறுத்தப் போன அன்று, இயந்திர அறை வாசலில் அவர் கத்தவில்லை.

"நாசமாக்கினவங்கள் போயிட்டாங்கள். இனித்தான் பிள்ளை ஐஸ் வடிவா இருக்கும். இப்ப போய் நிப்பாட்டப் போறியே?"

எனக்கு ஆத்திரம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் கதவில் கடதாசி ஒட்டியவர்கள்மீது. இருக்கிற ஆட்களில் என்னைத் தேர்ந்தெடுத்த கம்பனிமீது. சொன்னதில் பிழை பிடிக்க முடியாததால், அவர்மீதும்.

"நான் போனா வேற ஆள் வருவான், அண்ணை. அவன் அவசரத்தில நிலத்துக்குக் கீழ உள்ள குழாயெல்லாத்தையும் பழுதாக்கிப்போடுவான்."

எழும்பினார். கதிரையை நகர்த்தினார்.

"அப்ப நீயே செய். ஆனா இனி என்னோட கதையாதை."

நிறுத்தினேன். ஐஸ் உருக மூன்று நாள் எடுத்தது. அண்ணை மூன்று நாளும் வந்து, தும்புத்தடியால் தண்ணீரைத் தள்ளினார். என் பக்கம் திரும்பவேயில்லை.

இப்போது அந்தக் கட்டடத்தில் தளபாடம் விற்கிறார்கள். ஐஸ் அண்ணை புரோசார்டில் ஒரு பாடசாலையின் ஐஸ் திடலைப் பார்க்கிறார். என்னோடு இன்னும் கதைப்பதில்லை. அங்கே இயந்திரம் பழுதானால் மட்டும், என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று கம்பனிக்குச் சொல்லுகிறார். நான் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன்.