நாலாவது மாடியில் கள்ளச் சாப்பாடு

ஐம்பத்தெட்டாவது வயதில் லிஃப்ட்காரர் ஒரு வீர முடிவு எடுத்தார். இனி வாரத்தில் ஒரு வேளை, மனைவிக்குத் தெரியாமல், நாக்குக்குப் பிடித்ததைச் சாப்பிடுவது.

அந்தப் பெரிய நகரத்தின் பழைய கட்டடங்களில் முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷன். வீட்டில் மட்டும் அவரை ஏற்றிவிட ஆள் கிடையாது. இறக்கிவிட ஒரு ஆள் உண்டு. அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, தொளதொளத்த துணிகளைச் சிறிதாக்கியும், பிடிக்கிற துணிகளைப் பிரித்துப் பெரிதாக்கியும் கொடுப்பவள். அளவெடுத்தே பழகிய கண். கதவைத் திறந்து அவரை ஒரு தடவை பார்த்தால் போதும், வழியில் என்ன தின்றார் என்பதுவரை அளந்துவிடும்.

வம்பு ஒரு தலைசுற்றலில் ஆரம்பித்தது. டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, ரத்த அழுத்தம் என்றார், இதயமும் கொஞ்சம் களைத்திருக்கிறது என்றார், உப்பை மறந்துவிடுங்கள் என்றார். ஆக வீட்டில் இரண்டு பேருக்கும் அழுத்தம். அவருக்கு ரத்தத்தில். அவளுக்குக் குணத்தில். மனசுக்குள் போனது வெளியே வராத அழுத்தக்காரி.

அன்றைக்கே உப்பு ஜாடி மறைந்தது.

"என்ன இது?"

"சுரைக்காய்."

"அது தெரியுது. உப்பு எங்கே?"

"டாக்டர்கிட்ட இருக்கு. போய்க் கேளுங்க."

"இதை மனுஷன் திம்பானா?"

"தின்னாத்தான் மனுஷனா இருப்பான். இல்லேன்னா போட்டோவா இருப்பான்."

நாலு மாதம் மனுஷனாக இருந்து பார்த்தார். வெந்த காய், வெந்த சோறு, வெந்த மனசு. அப்புறம்தான் அந்த வீர முடிவு. புதன்கிழமை மத்தியானம் என்று நாளும் குறித்தார்.

அந்த நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் பெட்டியில் துணி கொண்டுவந்தார்களோ இல்லையோ, தங்கள் ஊர் அடுப்பைக் கொண்டுவந்திருந்தார்கள். பெரிய ஹோட்டல்களில் லிஃப்ட் மட்டும்தான் அவருக்குக் கட்டுப்படியாகும், சாப்பாடு ஆகாது. ஆனால் பின்சந்துகள் அவருக்கு மனப்பாடம். ஒரு சலவைக்கடைக்குக் கீழே நிலவறையில் தீவுக்காரர்கள் கடை. கறுத்த ரசத்தில் ஒரு முழு மீன் வந்தது. அது அவரைப் பார்த்தது, அவர் அதைப் பார்த்தார், கடைசியில் அவர்தான் கண்ணை மூடிக்கொண்டார். பஸ் பட்டறைக்குப் பின்னால் பாலைவனத்துப் பக்கத்துக்காரர்கள், படுக்கை விரிப்பு அகலத்துக்கு ஒரு ரொட்டியை மேஜைமேல் விரித்தார்கள். இதற்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று சைகையில் கேட்டார். நாலு பேரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். எல்லாம் உள்ளேயே இருந்தது.

நாலாவது மாடிக் கடையை அவர் மூக்கால் கண்டுபிடித்தார். பழைய சரக்குக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோய், அதன் கூரைமேல் ஏறி, இருட்டில் கம்பி வடத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு வாசனை இறங்கியது. புகை, புளிப்பு, ஏதோ காட்டு இலை. லிஃப்ட் சரியாகிக் கிளம்பியது, அவர் மட்டும் நாலாவது மாடியில் இறங்கி நின்றுவிட்டார்.

பொத்தான் கிடங்கை ஒட்டி ஒரு அறை. இரண்டு மேஜை, ஆறு நாற்காலி, ஒரு திரை, அதற்குப் பின்னால் அடுப்பு. சமைப்பவள் எங்கோ உயரமான மலைநாட்டிலிருந்து வந்தவள். அவர் மனசுக்குள் அவளுக்கு மலைக்காரம்மா என்று பெயர் வைத்தார். அந்தக் கட்டடத்தில் மூட்டை கட்டும் அவள் ஊர்க்காரர்கள்தான் வாடிக்கை. பலகையில் எழுதியிருந்ததைப் படிக்க முடியாமல், பக்கத்து ஆளின் கிண்ணத்தைக் காட்டினார். கையால் பிய்த்துப் போட்ட மாவுத் துண்டுகள், புகைபோட்ட இறைச்சி, ஆவி பறக்கும் சாறு. முதல் வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. உப்பு! அந்த இரண்டு கடைகளிலும் கிடைக்காத அளவுக்கு, நாக்கு நிறைய உப்பு.

அன்று சாயங்காலம் வீட்டில்:

"சட்டையில என்ன வாசனை?"

"கிரீஸ்."

"கிரீஸ் புளிக்குமா?"

"பழைய லிஃப்ட். பழைய கிரீஸ்."

"பாவம்" என்றாள். சட்டையை வாங்கித் தனியாக மடித்து வைத்தாள்.

அங்கே போன மூன்றாவது புதனிலிருந்து கிண்ணம் மாறியது. இறைச்சி போய்க் காய்ந்த காளான் வந்தது. புளித்த இலை கூடியது. நாக்கை மரத்துப்போக வைக்கும் ஒரு சிவப்பு மிளகு வந்தது. மலைநாட்டில் பருவத்துக்குப் பருவம் சமையல் மாறும்போல என்று அவராகவே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார். சட்டியின் அடி தெரியும்வரை குடித்தார். இவ்வளவு ருசி இருந்தால் எவ்வளவு பாவம் உள்ளே போயிருக்கும் என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆறு மாதம் கழித்து டாக்டர் பட்டையைச் சுற்றிவிட்டு முகம் மலர்ந்தார். "ரொம்ப நல்லா இறங்கியிருக்கு. அம்மா, எல்லாம் உங்க கைப்பக்குவம்." அவள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சுவரைப் பார்த்துச் சிரித்தார். ஏமாற்றுவது இவ்வளவு உடம்புக்கு நல்லது என்று தெரிந்திருந்தால் இன்னும் சின்ன வயதிலேயே தொடங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அவள் தன் ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். முதலில் கை, பிறகு தோள், அப்புறம் மறுபடி கை. ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"என்ன, இளைச்சுக்கிட்டே போற?"

"உங்களுக்குப் போடுறதைத்தானே நானும் திங்கிறேன். பெருக்கவா செய்யும்?"

அது அவரைக் குத்தியது. தனக்காக அவளும் நாக்கைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். தான் புதன்தோறும் சட்டியை வழிக்கிறோம். அந்தப் புதன் போகவில்லை. வெந்த பூசணிக்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னைக்கு வேலை இல்லையா அந்தப் பழைய லிஃப்ட்ல?" என்றாள். "இல்லே" என்றார். "அடுத்த வாரம் போங்க. பாதியில விட்டா கெட்டுப்போகும்" என்றாள். போனார்.

ஒரு காலை மெஷின் சத்தம் கேட்கவில்லை. காலால் மிதிக்க முடியவில்லை என்று உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வயிற்றில் புற்று, பரவிவிட்டது. இதை அவளிடம் சொல்லிப் பதினாலு மாதம் ஆயிற்று, வைத்தியம் வேண்டாமென்று அவளே எழுதிக் கொடுத்தாள், உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தோம் என்றார்கள். அவர் வார்டுக்குத் திரும்பி வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"உங்களுக்கு பிரஷர். சொன்னா ஏறும்."

தைக்கத் துணி இல்லாமல் அவள் கை போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவருக்கு நெஞ்சு தாங்கவில்லை. இவளைப் போகவிடுவதற்கு முன்னால் கிண்ணத்தின் கதையைக் கொட்டிவிடவேண்டும் என்று பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேணாம். பிரஷர் ஏறும்."

"எனக்கு ஏறினா ஏறட்டும்."

"எனக்கு ஏறும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. வலியாக இருக்கும் என்று அவர் நினைத்தார்.

பத்தொன்பது நாள் இருந்தாள். ஒரு மத்தியானம் அவர் வெந்நீர் வாங்கக் கீழே போனார். ஃபிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு மேலே வந்தபோது நர்ஸ் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். ஃபிளாஸ்க்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் எல்லாம் போனார்கள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. ஆல்டரேஷனுக்குக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து துணியை வாங்கிப் போனார்கள். அளவு எழுதிய சீட்டு குத்தியபடி, பாதி பிரித்தபடி. சமையலறையில் உப்பு ஜாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. கடையில் வாங்கலாம்தான். வாங்கத் தோன்றவில்லை.

ஐந்தாவது புதன்கிழமை நாலாவது மாடிக்குப் போனார். இனி யாருக்கும் பயப்பட வேண்டாம் என்பது அவரை என்னவோ செய்தது. மலைக்காரம்மா அவரைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"என் வீட்டம்மா..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும், அண்ணே. அக்கா போயாச்சு."

"அக்காவா? எந்த அக்கா?"

அப்போதுதான் அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைப் பார்த்தார். ஓரத்தில் மடிப்புக்குள் மடிப்பு வைத்து இரட்டைத் தையல். பிறகு திரையைப் பார்த்தார். நாற்காலி மெத்தைகளைப் பார்த்தார். எல்லாம் இரட்டைத் தையல். அந்த ஊரில் ஒரே கைதான் அப்படி ஓரம் அடிக்கும்.

மலைக்காரம்மா தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னாள். "என் கோட்டு ஜிப் கெட்டுப்போச்சு. அக்காகிட்ட போனேன். அக்கா கோட்டை மோந்து பார்த்தாங்க. உள்ளே போனாங்க. ஒரு சட்டை எடுத்து வந்தாங்க. அதையும் மோந்து பார்த்தாங்க. 'இந்தச் சட்டைக்காரர் உங்க கடைக்கு வர்றாரா?'ன்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"ஜிப்புக்குக் காசு வாங்கல. வந்து மூணு நாள் இந்த அடுப்பு முன்னாடி நின்னாங்க. உப்பு போடாம என்ன போட்டா அண்ணனுக்குத் தெரியாதுன்னு பார்த்தோம். புளி இலை போட்டோம். புகை போட்டோம். மரத்துப்போற மிளகு போட்டோம். அக்கா தின்னு பார்த்து, 'இது போதும், இனி அவர் நாக்கு ஒண்ணும் கண்டுபிடிக்காது'ன்னாங்க. ரொம்பச் சிரிச்சாங்க."

அந்த மூன்று நாள் எந்த மூன்று நாள் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். டாக்டர் அவளிடம் சொன்ன மாதம் அது. தன் வயிற்றில் இருந்ததை யாரிடமும் சொல்லாமல், இங்கே வந்து இவர் வயிற்றுக்கு வழி பண்ணிவிட்டுப் போயிருக்கிறாள்.

"உடம்பு முடியாதுன்னு உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னாங்க. 'நான் போனப்புறம் அவர் தினமும் வருவார். ஒவ்வொரு நாளைக்கும் ஒண்ணு சமைக்கணும்'ன்னாங்க. ஏழு நாளைக்கும் பார்த்து வெச்சிருக்கோம்."

கிண்ணம் வந்தது. ஆவி பறந்தது. அவர் ஒரு வாய் எடுத்தார். அவ்வளவு நாள் பாவமென்று நினைத்துத் தின்றது, அவள் வீட்டில் போட்ட அதே பத்தியம்தான் என்று தெரிந்தபிறகும் ருசியாகத்தான் இருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள். ஒரு சிட்டிகை உப்பு குடுங்க."

"இல்லே அண்ணே."

"நான் காசு குடுத்துச் சாப்பிடுற ஆளு. என் உடம்பு, என் உப்பு. குடுங்கன்னா குடுங்க."

மலைக்காரம்மா அசையவில்லை. மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோல, அவர் மனைவியின் குரல் ஏற்ற இறக்கத்தோடே சொன்னாள். "'கேப்பாரு, குடுக்காதே. கோவப்படுவாரு, குடுக்காதே. அப்புறம் அழுவாரு. அப்பவும் குடுக்காதே.'"

லிஃப்ட்காரர் அழுதார். அப்போதும் கொடுக்கவில்லை.