வெங்கிட்டு சாமி அப்பவே சொன்னார்

ஜோசியர்களில் இரண்டு வகை உண்டு. நடக்கப் போவதை முன்கூட்டியே சொல்லி, அது நடக்காமல் போக, தட்சிணையைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிறவர் முதல் வகை. பாவம், அவருக்காவது தோற்கிற தைரியம் இருக்கிறது. இரண்டாம் வகைக்காரர் ஓடவே மாட்டார். மழை கொட்டி ஓய்ந்து, கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்து, நீங்கள் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்று, "மழை வரும்னு நான் அப்பவே சொன்னேனே" என்பார். எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? கேட்டுத்தான் பாருங்களேன். இந்த வயதிலேயே உங்களுக்கு ஞாபகசக்தி போய்விட்டதே என்று உங்களுக்காக வருத்தப்படுவார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் இந்த இனம் முழு வளர்ச்சி பெற்று நடமாடியது வெங்கிட்டு என்ற பெயரில். பாலக்காட்டு ஐயர் குடும்பம், ஊராருக்குச் சாமி. மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. ஆபீஸ் விட்டதும் வீட்டுக்குப் போகமாட்டார். முகமது இஸ்மாயில் குத்தகைக்கு எடுத்து நடத்திய நூர் டாக்கீஸின் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் வந்து உட்கார்ந்துகொண்டு, இஸ்மாயில் செலவில் சாயா குடித்துக்கொண்டே உலக சினிமாவை நிர்வகிப்பார். இஸ்மாயில் கம்பத்துப் பக்கம் ராவுத்தர். சினிமா என்றால் உயிர். ஆனால் சொந்தமாக ஒரு முடிவெடுக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். இப்படிப்பட்டவர் பக்கத்தில் இந்த இனம் தானாக முளைத்துவிடும், ஈரச் சுவரில் பாசி மாதிரி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீடியோ கேம் பார்லர்களில் பையன்கள் பட்டனை அமுக்கி அமுக்கி விரல் காய்த்துக் கிடந்த காலம். அங்கே எல்லாரும் மொய்த்த ஒரு குத்துச்சண்டை விளையாட்டை வெளிநாட்டுக்காரர்கள் சினிமாவாகவே எடுத்துவிட்டார்கள். எர்ணாகுளத்து விநியோகஸ்தர் வந்து கேட்டபோது இஸ்மாயில் தயங்கினார்.

"சாமி, இது பிள்ளைங்க கையால விளையாடற சாதனம். உட்கார்ந்து பார்ப்பாங்களா?"

"என்ன சம்சயம் ஓய்? பார்லர்ல நிக்க எடமில்லை. அந்தக் கூட்டம் மொத்தமும் இங்கயாக்கும் வரப்போறது. கண்ணை மூடிண்டு எடும்!"

இஸ்மாயில் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தார். கண்ணைத் திறந்தபோது திரையில் என்ன நடந்துகொண்டிருந்தது? விளையாட்டில் குத்துவதைத் தவிர வேறொன்றும் அறியாத வீரன், சினிமாவில் செத்துப்போன தம்பியை நினைத்து இடைவேளைவரை அழுதுகொண்டிருந்தான். முதலில் விசிலடித்த பையன்கள் பிறகு கொட்டாவி விட்டார்கள். இடைவேளையில் வெளியே போனவர்கள் திரும்பவில்லை. இரண்டாம் வாரத்தில் அந்த வீரனுக்கு அரங்கில் மிஞ்சியிருந்த விசிறிகள், கூரையில் தொங்கியவை மட்டும்.

வெங்கிட்டு சாயாவை ஆற்றினார். "நான் அப்பவே சொன்னேனோல்லியோ? பட்டன் ஞெக்கிப் பழகின கை தியேட்டர்ல வெறுதே சும்மா இருக்குமோ?"

இஸ்மாயில் அவரையே பார்த்தார். அவருக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தக் குரலில் இருந்த உறுதி, அவரைத் தன் காதையே சந்தேகிக்க வைத்தது. இந்த இனத்தின் பலமே அதுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை. முதலில் தாங்களே நம்பிவிட்டுத்தான் வாய் திறப்பார்கள்.

சில வருடம் போயிற்று. புது நூற்றாண்டு பிறந்தது. கடலுக்கடியில் மூழ்கிய நகரத்தில் ஒரு பெண் புதையல் தேடும் விளையாட்டு, அதுவும் சினிமாவாயிற்று. போஸ்டரைப் பார்த்ததுமே இஸ்மாயிலுக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததை எடுத்திருக்கலாம். சாமியைக் கேட்டார்.

"ஒரு தரம் கை சுட்டுப் பொள்ளினது போராதா ஓய்? கேமை சினிமாவாக்கினா ஓடாது. ஒருநாளும் ஓடாது."

இஸ்மாயில் வேண்டாமென்று சொல்லியனுப்பினார். எர்ணாகுளத்தில் அந்தப் படம் ஓடிற்று ஓடிற்று, அப்படி ஓடிற்று. மட்டாஞ்சேரிப் பையன்கள் கூட்டம் கூட்டமாக எர்ணாகுளத்துக்குப் படகேறத் துறைக்குப் போனார்கள். அவர்கள் போன வழி நூர் டாக்கீஸின் வாசல் வழி. தன் ஜனங்கள் தன்னைத் தாண்டிப் போவதை, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு இஸ்மாயில் பார்த்து நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தில், மனைவி ஜெயலக்ஷ்மியோடு, பட்டுக்கரை வேட்டியில் வெங்கிட்டுவும் போனார். மறுநாள் நாற்காலிக்கு வந்தார்.

"நான் அப்பவே சொன்னேனோல்லியோ? பொம்மனாட்டி வந்து சண்டை போட்டா கணக்கே வேறயாக்கும்!"

அன்றைக்கு இஸ்மாயில் இரண்டாவது சாயா வாங்கித் தரவில்லை.

அதற்குப் பிறகு டாக்கீஸ் மெல்ல மெல்ல இளைத்தது. வீட்டுக்கு வீடு சிடி வந்துவிட்டது. கட்டடத்துக்காரர், இனியும் இப்படியே போனால் குத்தகை கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு சினிமாவாகி வந்தது. இஸ்மாயில் இந்த முறை சாமியிடம் யோசனை கேட்கவில்லை. படத்தை எடுத்துவிட்டு, வேறொன்று கேட்டார்.

"சாமி, உங்க கொரல் மாதிரி இந்தக் கொச்சியில கெடையாது. நீங்கதான் மைக் பிடிக்கணும்."

புகழ்ச்சியை வேண்டாமென்று சொல்லும் சக்தி இந்த இனத்துக்குக் கடவுள் தரவில்லை. ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கி, உள்ளே வெங்கிட்டு. மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறி, "இந்த வருஷத்தின் மகத்தான வெற்றிச் சித்திரம்!" என்று பேலஸ் ரோட்டிலிருந்து தோப்பும்படிவரை முழங்கினார். ஊரே கேட்டது. எது நடந்தாலும் இனி சாமிக்கு வாய் இல்லை என்று இஸ்மாயில் நினைத்தார்.

முதல் காட்சி நிரம்பியது. இந்த டைரக்டர் நாணயஸ்தர். விளையாட்டில் இருந்ததை ஒரு துளி மாற்றவில்லை. கார் ஓடியது. வளைந்து ஓடியது. மறுபடியும் ஓடியது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "சேட்டா, வண்டி கொள்ளாம், ஜோர்! எங்களுக்கு ஸ்டியரிங் எவிடே?" அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு படம் முடிந்தது, டாக்கீஸும் முடிந்தது. அதைக் கல்யாண மண்டபமாக்கப் போவதாகக் கட்டடத்துக்காரர் ஆள் அனுப்பினார்.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்த இஸ்மாயில், சாயாக்கடையில் நாலு பேர் நடுவே வெங்கிட்டுவைப் பிடித்தார்.

"இப்பச் சொல்லுங்க சாமி. ஊரறிய மைக்ல சொன்னீங்கள்ல? ஓடும்னு சொன்னீங்கள்ல?"

வெங்கிட்டுவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அத்தனை நஷ்டத்துக்கும் நடுவில் இஸ்மாயிலின் நெஞ்சில் ஒரு சின்ன இனிப்பு ஊறியது. வெங்கிட்டு சாயாவைக் கடைசி மடக்குவரை குடித்தார். கிளாஸை வைத்தார்.

"சொன்னேன். இல்லைங்கலை. ஆனா சொன்ன தொனியைக் கவனிச்சேளா? 'மகத்தான'ங்கற எடத்துல ஒரு இழுப்பு இழுத்தேனே? புரியறவாளுக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்."

கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். "சரிதான், ஒரு இழுப்பு உண்டாயிருந்தது" என்றார் ஒருவர்.

இஸ்மாயில் வீட்டுக்கு வந்தார். மனைவி நபீசா முற்றத்தில் மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். செருப்பை ஒரு மூலையில் உதறினார்.

"அந்த சாமியை நம்பக்கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேனே!"

நபீசாவின் கை நின்றது. "யார்கிட்டச் சொன்னீங்க?"

"உன்கிட்டத்தான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி மீனைக் கழுவத் தொடங்கினாள்.

என்ன, சிரிக்கிறீர்களா? இஸ்மாயிலும் கடைசியில் இப்படித்தான் ஆவார் என்று எனக்கு முதலிலேயே தெரியும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் திரும்புகிறீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். எந்த வரியில் தெரிந்தது என்று அவர் கேட்காதவரை உங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை.