மாப்பிள்ளையின் கிளப் உயிரோடு இருக்கிறதா?

வரலாறு தெரிந்த ஆளைப் பெண் பார்க்கும் கூடத்தில் உட்கார வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் வாயில் ஒரு தட்டுவடையைத் திணித்துவிட வேண்டும். இதை நல்லம்பள்ளியில், என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நிரூபித்துக் காட்டியவன் நான்.

தேசிய கால்பந்து லீக்கின் வரலாற்றைத் தொகுப்பது என் பொழுதுபோக்கு. எந்தக் கிளப் எந்தத் தேதியில் பிறந்தது, யார் வாங்கினார்கள், எந்த ஊருக்குக் குடிபோனது, எல்லாம் அத்துப்படி. (பந்தைக் காலால் தொட்டதில்லை. அது வேறு துறை.) இந்த அறிவால் குடும்பத்தில் யாருக்கும் ஒரு பயனும் இருந்ததில்லை, அண்ணன் மகள் கவிதா மொரப்பூர்ப் பக்கத்துக் கால்பந்து வீரர் ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் வரை.

"பந்து ஒதைக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று அண்ணன் முரண்டு பிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் கவிதா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"சித்தப்பா, நீங்க சொன்னாத்தான் அப்பா நம்புவாரு. நல்ல லீக்கு, நெலையான வேலைன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாங்க."

சத்தியம் செய்தேன்.

எல்லாரும் வந்து அமர்ந்ததும் அண்ணன் கேட்டார்: "நீ சொல்லுடா, இந்த லீக்கு எப்படி?"

"நல்ல லீக்," என்றேன். கூடமே என்னைப் பார்த்தது. என் பேச்சைக் கேட்க இத்தனை பேர் காத்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "ஆனா, ஆரம்பத்துல இருந்து சொன்னாத்தான் புரியும்..."

சொன்னேன். ஆலைகளும் வங்கிகளும் அணி நடத்திய காலத்தில் தொடங்கினேன். கைமாறிய கிளப், பெயரையும் ஊரையும் சேர்த்தே மாற்றிக்கொண்ட கிளப், கோப்பை வென்ற கையோடு பூட்டுப் போட்டுக்கொண்ட கிளப் என்று தேதி வாரியாக ஒவ்வொன்றாக அடக்கம் செய்துகொண்டே போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா கடிக்கப்போன தட்டுவடையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். "ஏனுங்க, அப்ப எந்தக் கிளப்புதான் உசுரோட இருக்குதுங்க?"

"உங்க பையனோடது இருக்குதுங்க," என்றேன் ஆறுதலாக. "இன்னைக்குக் காலையிலதான் மொதலாளி வெலகறதா அறிவிச்சிருக்காரு. மூடறதுக்கு இன்னும் நாளிருக்குது."

மாப்பிள்ளை, "காலையிலீங்களா?" என்றார். நல்ல காரியம் என்று போனை அணைத்து வைத்திருந்தாராம். போட்டதும் அது நிறுத்தாமல் கதற ஆரம்பித்தது. சொந்தக் கிளப்பின் சாவுச் செய்தி ஒருவருக்கு என் வாயாலா தெரிய வேண்டும்! சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. யார் கையிலிருந்து என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "தம்பி, இப்ப என்ன பண்ணுவீங்க?"

"வேற கிளப்புல கேப்பேனுங்க. இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூடிட்டாங்க. மறுபடி மறுபடி தேடித்தாங்க ஆடறேன்."

தொலைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். தொடையைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாங்க தக்காளி போடறோம். வெல இல்லீன்னு ரோட்டோரம் கொட்டிட்டு வந்து, மறுபடி நாத்து வாங்கறோம். நானு இத வெளையாட்டுன்னுல்ல நெனச்சேன்! இது வெவசாயமில்லீங்களா!"

அன்றைக்கே பூ வைத்தார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் யாருக்கு வேலை கிடைத்தாலும் முதல் போன் எனக்குத்தான்: "சித்தப்பா, என் கம்பெனி உசுரோட இருக்குதுங்களா?" போன வாரம் மாப்பிள்ளை ஒரு புதுக் கிளப்பில் கையெழுத்துப் போட்டார். எந்தக் கிளப் என்று ஆவலோடு கேட்டேன். கவிதா தட்டுவடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.