இரண்டாம் அனுமதிக்கு நான்கு மணி நேரம்

வேலை செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். வேலை வாங்குகிறவர்களையும் தெரியும். வேலை செய்வதுபோல் இருந்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு எல்லோரையும்விட அதிகமாகக் களைத்துப்போகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உங்கள் அலுவலகத்திலேயே நாலு பேர் இருப்பார்கள். இவர்களில் ஒருவரோடும் சேராத இனம் ஒன்று உண்டு. ஒழுங்குபடுத்துகிறவர். இவர் சோம்பேறி இல்லை. யாரும் வேலை செய்யக் கூடாது என்று நினைக்கிறவரும் இல்லை. ஒரு வேலை தொடங்குவதற்கு முன் அது எந்தத் தலைப்பின் கீழ், யாருடைய பொறுப்பில், என்ன எண்ணோடு தொடங்குகிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். உங்கள் வீட்டில் தீப்பிடித்தால் முதலில் ஓடி வருபவரும் இவரே. கையில் ஒரு படிவம் இருக்கும், அவ்வளவுதான்.

அமரவிளை ரெத்தினதாஸ் இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி. மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் டாக்குமெண்ட் கன்ட்ரோலராக இருந்தவர். அதாவது, அந்தக் கம்பெனியில் யார் எந்தக் காகிதத்தை எழுதினாலும் அதற்கு எண் கொடுத்து, எண் கொடுத்ததைப் பதிந்து, பதிந்ததற்கு ஒரு எண் கொடுத்து வைத்தவர். ஊருக்குத் திரும்பிய முதல் வாரமே வீட்டுச் சாவிகளுக்கெல்லாம் சீட்டு ஒட்டினார். இரண்டாம் வாரம் மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு. மூன்றாம் வாரம் அவருடைய மனைவி ஜிஜி, "நீங்க எங்கெயாவது வேலைக்குப் போவணும், இல்லெங்கி நான் போவேன்" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அவர் நெய்யாற்றுக் கிழக்கு ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்துக்கு நிர்வாக அலுவலராக வந்துசேர்ந்தார்.

சங்கம் பெரிதல்ல. பாறசாலை முதல் வெள்ளறடை வரை ஏழு கொள்முதல் நிலையங்கள், பெருங்கடவிளையில் ஒரு கிடங்கு, ஒரு லாரி, இருபத்திரண்டு பணியாளர்கள். காலையில் வெட்டிய ரப்பர் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள்; அதில் அமோனியா கலந்து பேரலில் நிரப்பி லாரியில் ஏற்ற வேண்டும். அமோனியா இல்லாவிட்டால் மதியத்துக்குள் பால் உறைந்துவிடும். உறைந்த பாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

இத்தனை காரியத்தையும் ஒரே ஒரு வாட்ஸாப் குரூப் நடத்திவந்தது. குட் மார்னிங் பூக்கள், இருமுடிக்கட்டு, ஞாயிறு பிரசங்கத்தின் சாரம், காணாமல் போன ஆடு, லாரி எங்கே என்ற கேள்வி, லாரி இங்கே என்ற பதில் எல்லாம் ஒரே குழாயில் ஓடின. ஒரு நாள், லாரி பழுதாகிவிட்டது என்ற செய்தி ஐம்பத்திரண்டு பூக்களுக்கு அடியில் புதைந்து, பாறசாலையில் மூன்று பேரல் பால் உறைந்தது. சங்கத்தின் தலைவி ராஜபாய், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, நான்கு ஏக்கர் ரப்பருக்குச் சொந்தக்காரி, ரெத்தினதாஸைக் கூப்பிட்டு, "எலே தாசு, இதுக்கு நீ என்னவாவது ஒரு ஒழுங்கு செய்யணும்" என்றார்.

கேட்டீர்களா? இந்த வாக்கியத்தை இந்த இனத்தாரிடம் ஒருபோதும் சொல்லக் கூடாது.

திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றிடமிருந்து சங்கத்துக்கென்று ஒரு ஆப் வந்தது. அதில் சேனல் என்ற பெயரில் எத்தனை அறைகள் வேண்டுமானாலும் திறக்கலாம், எந்த அறைக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்கலாம். பூட்டும் சாவியும் முழுக்க ரெத்தினதாஸ் கையில். மூன்று மாதம் இருந்து திட்டம் எழுதினார். அறுபத்திநான்கு பக்கம். பாலுக்கு ஒரு சேனல், பேரலுக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, அமோனியாவுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, மழை வரும்போல் இருக்கிறது என்பதற்குத் தனியாக ஒன்று. புதிய சேனல் வேண்டுமானால் விண்ணப்பம். அவசரச் செய்தி போடுவதற்கு முன் அது முதல் வகை அவசரமா, மூன்றாம் வகை அவசரமா என்று குறிக்க வேண்டும். கிடங்கிலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் இரண்டு அனுமதி. இரண்டையும் கொடுப்பவர் ரெத்தினதாஸ்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி. ஏன் என்று ஒருவர் கேட்டார். "மனுஷன் அவசரத்தில தப்பு செய்வான்" என்று விளக்கினார் ரெத்தினதாஸ். "நாலு மணி நேரம் களிஞ்சா அதே மனுஷன் நிதானமா இருப்பான். அப்பம் அவன் முதல்ல செய்ததைத் திருத்தலாம்."

பயிற்சி வகுப்புக்கு இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் பிரமாதமாக இருந்தன என்று பின்னூட்டப் படிவத்தில் இருபத்திரண்டு பேரும் எழுதினார்கள்.

முதல் வாரம் ஆப்பில் தவறுகள் மலிந்தன. வெள்ளறடை நிலையப் பொறுப்பாளர் பிந்து, பேரல் சேனலில் பாலைப் பற்றி எழுதினாள், திருத்தப்பட்டாள். லாரி ஓட்டுகிற ஷிஜு, மழை வரும் சேனலில் 'வந்தாச்சு' என்று எழுதி எச்சரிக்கை வாங்கினான். இரண்டாம் வாரம் தவறுகள் குறைந்தன. மூன்றாம் வாரம் ஒன்றுகூட இல்லை. செய்தியும் இல்லை. ஆனால் பால் நேரத்துக்கு வந்தது, லாரி நேரத்துக்குப் போனது, ஒரு பேரல்கூட உறையவில்லை.

ரெத்தினதாஸுக்கு அந்த மௌனம் பரிசுத்தமாகப் பட்டது. காலையில் பால் விடாத கட்டன்சாயாவோடு உட்கார்ந்து ஆப்பைத் திறப்பார். நாற்பத்தொரு சேனல்கள், துடைத்து வைத்த பாத்திரங்கள்போல் வரிசையாக. "கண்டியா ஜிஜி, ஒரு சிஸ்டம் செரியா இருந்தா மனுஷனுக்கு பேச வேண்டிய தேவையே இல்ல" என்றார். ஜிஜி தன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஓ" என்றார்.

பொதுக்குழுவில் வாசிக்க ஒரு அறிக்கை தயாரானது. அதில் ஒரு புகைப்படம் சேர்க்கலாமே என்று தோன்றி, நவம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை அவர் லாரியில் ஏறி ஷிஜுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷிஜுவின் முகம் ஏனோ நன்றாக இல்லை. வண்டி நேராகப் பாறசாலைக்குப் போக வேண்டும். கண்ணாடிக்குக் கீழே மாட்டியிருந்த ஷிஜுவின் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. பிறகு நாலு முறை. ஷிஜு ஓரக்கண்ணால் பார்த்தான். வண்டியை நிறுத்தி, திருப்பி, வந்த வழியே ஓட்டத் தொடங்கினான்.

"எங்க போற?"

"பெருங்கடவிளைக்கு சார். வெள்ளறடையில கேன் பொட்டி, அமோனியா எல்லாம் ஒளுகிப் போச்சு. எண்ணூறு லிட்டர் பாலு நிக்குது."

ரெத்தினதாஸ் தன் கைபேசியைப் பார்த்தார். அமோனியா சேனல் துடைத்த பாத்திரமாக இருந்தது. "ஆப்பில ஒண்ணும் வரல்லியே. உனக்கு ஆரு சொன்னது?"

ஷிஜு கியரை மாற்றினான். பதிலைக் கைபேசி சொன்னது. இன்னொரு முறை ஒளிர்ந்தபோது குரூப்பின் பெயர் தெளிவாகத் தெரிந்தது: 'சார் இல்லாதது'.

அவர் அதைக் கையில் எடுத்தார். ஷிஜு தடுக்கவில்லை. மொத்தம் இருபத்துநான்கு பேர். பிந்து அட்மின். தலைவி ராஜபாய் உண்டு. இருபத்துநான்காவதாக, அமரவிளையில் பதினெட்டு சென்ட் ரப்பரின் சொந்தக்காரி என்ற முறையில், ஜிஜியும் உண்டு.

"எப்பம் தொடங்கினது?"

"மீன்கறி தின்ன அன்னைக்கு சார்" என்றான் ஷிஜு, சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகு பெருங்கடவிளை வரை கோபம் வரும் என்று ரெத்தினதாஸ் காத்திருந்தார். வந்தது வேறு ஏதோ. பந்தி முடிந்த பிறகு மண்டபத்துக்குள் போனவனின் உணர்ச்சி.

கிடங்கில் அதன் பொறுப்பாளர் ராஜப்பன் கேனைத் தூக்கி வெளியே வைத்துக் காத்திருந்தார். லாரியிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்ததும், மறுபடி தூக்கி உள்ளே வைத்தார்.

"ராஜப்பா, அதை எடு."

"எப்பிடி சார் எடுக்கியது? சாரு ஆப்பில ரெண்டு அனுமதி குடுத்தா நான் தருவேன். சட்டம் அப்படியாக்கும்." பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கியவர் என்று ரெத்தினதாஸ் நினைத்திருந்த ராஜப்பன், ஒரு விதி விடாமல் கற்றிருந்தார்.

ரெத்தினதாஸ் முதல் அனுமதியை அழுத்தினார். திரை நன்றி சொன்னது. இரண்டாம் அனுமதி மதியம் ஒன்று நாற்பதுக்குத் திறக்கும் என்றும் சொன்னது. மறுபடி அழுத்தினார். ஒன்று நாற்பது. இடைவெளியைக் குறைக்கலாம் என்று அமைப்புக்குள் போனார். மாற்றத்துக்குத் தலைவியின் ஒப்புதல் வேண்டும் என்றது ஆப். அதையும் எழுதியவர் அவர்தான்; சர்வாதிகாரம் வந்துவிடக் கூடாது என்று. தலைவியைத் தேடினார். 'இந்தப் பயனர் இதுவரை உள்நுழையவில்லை'.

வெள்ளறடையில் எண்ணூறு லிட்டர் பால் நின்றது. முப்பத்தாறு வீடுகளின் காலை வெட்டு அது. ஒன்று நாற்பதுக்கு அது எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியும். பத்தொன்பது வருடம் மஸ்கட்டில் ஒரு எண்ணைக்கூட மீறியதில்லை. மீறாமல் இருந்ததில் ஒரு நிம்மதி இருந்தது, எதற்கும் தான் காரணமில்லை என்ற நிம்மதி. இப்போது காரணம் அவராகவே இருந்தார்.

"ஷிஜு" என்றார் மெதுவாக. "அதுல... உங்க அதுல, டீச்சரிட்ட ஒண்ணு கேளு."

ஷிஜு கேட்டான். அரை நிமிடத்தில் ராஜபாயின் குரல் வந்தது, தலைமையாசிரியைக் குரல், கிடங்கு முழுக்க எதிரொலித்தது: "எலே ராஜப்பா, எடுத்துக் குடுலே! பாலு கெட்டா உனக்க அனுமதியைக் கரைச்சா குடிக்கியது? பின்ன, தாசு அங்ஙன நிக்குதானா? அவன்கிட்ட சொல்லு, நான் பாஸ்வேர்டு எளுதி வச்ச காயிதத்தைக் காணல்ல."

அதன் கீழேயே ஜிஜியின் செய்தி: 'அவங்க காலையில ஒண்ணும் தின்னாம போனாங்க. ஷிஜு, ரெண்டு ரசகதளிப் பழமாவது வாங்கிக் குடு.'

ராஜப்பன் கேனை எடுத்தார். மறுமுனையை ரெத்தினதாஸ் பிடித்தார்.

வெள்ளறடைக்கு லாரி போய்ச் சேர்ந்தபோது பிந்து பாதையிலேயே நின்றாள். அவரைப் பார்த்ததும் விழித்தாள், ஆனால் விழிக்க நேரமில்லை. "மூடியைத் தொறங்க சார், முகத்தை மாத்திப் பிடியுங்க" என்றாள். அவர் மாற்றிப் பிடிக்கவில்லை. அமோனியா நேராகக் கண்ணில் ஏறியது. நின்று கலக்கினார், ஒரு பேரல், இரண்டு, மூன்று. நான்காவதில் கட்டி விழுந்திருந்தது.

"ஒண்ணு போச்சு. மத்தது நிக்கும்" என்றாள் பிந்து. அவர் முகத்தைப் பார்த்தாள். "அய்யோ, சார் கரையுதா? கண்ணுல தண்ணி வருதே?"

"அமோனியா" என்றார் ரெத்தினதாஸ்.

"ஓ, அமோனியா" என்று ஒப்புக்கொண்டாள் பிந்து, நல்ல பெண்.

அன்று சாயங்காலம் குரூப்பில் அவரைச் சேர்த்தாள். பெயரையும் மாற்றினாள்: 'எல்லாரும்'. கூடவே ஒரு குறிப்பு: 'சாருக்கு ஸ்வாகதம். ஒரு மாசம் வாசிச்சா போதும். எளுத வேண்டாம்.' அவர் கீழ்ப்படிந்தார். விதி என்று ஒன்று இருந்தால் கீழ்ப்படிய அவரைவிட்டால் யார்? வாசித்தார். லாரி எங்கே என்று ஒருவர் கேட்டால் நாலு பேர் பதில் சொன்னார்கள், நாலும் வெவ்வேறாக இருந்தன, ஆனாலும் லாரி வந்தது. அது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. புரியாமலே கொஞ்சம் பிடித்தது.

பதினோராம் நாள் பிந்து எழுதினாள்: 'வாய்ஸ் மெசேஜ் இருபது செகண்டுக்கு மேல போடாதீங்க.' நியாயம்தானே? பதினைந்தாம் நாள்: 'ராத்திரி எட்டு மணிக்குப் பொறவு தும்பு இல்லாத வெட்டிக் காரியம் வேண்டாம்.' அதுவும் நியாயம். இருபதாம் நாள்: 'லாரி காரியத்துக்கு வேற குரூப்பு தொடங்கியிருக்கேன். சேர வேண்டியவங்க என்னட்ட எளுதிக் கேக்கணும். காரணம் சொல்லணும்.'

ரெத்தினதாஸ் இதை மூன்று முறை வாசித்தார். அவர் சொல்லிக்கொடுத்ததல்ல. ஒரு வார்த்தை எழுதியதும் இல்லை. குழந்தை முதலடி வைப்பதைக் கதவிடுக்கில் பார்க்கிற தகப்பனைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அடுத்த வாரம் 'எல்லாரும்' குரூப்பில் சந்தடி குறைந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு தவறும் இல்லை. பிந்துவைச் சங்கத்தில் பார்த்தபோது அவள் முகத்தில் ஒரு சாந்தம் இருந்தது. "எல்லாவரும் ஒழுங்கு படிச்சிட்டாவ சார்" என்றாள்.

மறுநாள் காலை சங்க வாசலில் ஷிஜு அவரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"சார், நாங்க சின்னதா ஒரு குரூப்பு தொடங்கியிருக்கோம். பிந்து அக்காட்ட சொல்லிராதீங்க. சாரையும் சேக்கட்டா?"

ரெத்தினதாஸ் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அனுமதியை விசாரிக்காமல் கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ரெத்தினதாஸும் இப்போது சிரிக்கிறார். ஆனால் சிரித்து முடித்ததும் உங்கள் கைபேசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அலுவலகக் குழுவோ, குடியிருப்போர் சங்கமோ, சொந்தக்காரர்களின் குரூப்போ, நீங்கள் பொறுப்பாக நடத்துகிற ஏதாவது ஒன்று இருக்குமே? 'சம்பந்தமில்லாததைப் பகிர வேண்டாம்' என்று அன்போடு ஒருதரம் எழுதியிருப்பீர்களே? கொஞ்ச நாளாக அங்கே வீண்பேச்சில்லை, சண்டையில்லை, எல்லோரும் திருந்திவிட்டார்கள், இல்லையா?

கவலைப்படாதீர்கள். எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். வேறெங்கோ.