கில்லர் செல்லும் விளக்க மாமாவும்

பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பொருளைப் பிடித்துவிடும் ஓர் இனம் உலகில் உண்டு. அதற்குப் படிப்பு வேண்டாம், பரிசோதனை வேண்டாம், இரண்டு காதும் ஒரு வாயும் போதும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கையிலிருக்கும் சீட்டை எட்டிப் பார்த்து, மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, "இது ரொம்ப பவராச்சே" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டு, தன் முறை வந்ததும் எழுந்து போய்விடுவாரே, அவரேதான். யார் கேட்டார்கள் என்கிறீர்களா? கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

இந்த இனத்தில் அசல் சரக்கு விளக்க மாமா. அவருக்கு இரண்டு அக்கா மகள்கள். இளையவள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்நியமான எதைக் கண்டாலும் பாய்கிற நோய் எதிர்ப்பு அணுக்கள், தகப்பன் பங்கும் சேர்ந்ததால் தாயின் வயிற்றில் பாதி அந்நியமான கருவை மட்டும் எப்படி விட்டுவைக்கின்றன என்பதுதான் அவள் கேள்வி. எட்டு வருஷம் நுண்ணோக்கியில் குனிந்ததில் கழுத்துவலி உறுதியாகக் கிடைத்தது, விடை அரைகுறையாகக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று மாமா கேட்டார். அந்த அணுக்களில் ஒரு வகையான கில்லர் செல்லிலிருந்து தொடங்கினாள். மாமாவுக்கு அது போதாதா? அதோடு அவர் காதை மூடிக்கொண்டார், மிச்சத்தை அவள் தன் தட்டைப் பார்த்துத்தான் சொல்லி முடித்தாள்.

மூத்தவளுக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது அப்போது ஒன்பதாம் வாரம். மறுநாளே மாமா அங்கே ஆஜர்.

"பேர்லயே இருக்கே, கில்லர்னு. உன் ரெண்டு பிள்ளையையும் அதுதான் முடிச்சிருக்கு. உன் தங்கச்சிக்கு எல்லாம் தெரியும். உன் மனசு நோகும்னு சொல்லாம இருக்கா."

மனசு நோகாமல் இதைச் சொல்லி, இரண்டாவது காபியும் கேட்டு வாங்கிக் குடித்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மருந்துக்கடை நண்பர் கொடுத்த மாத்திரை அட்டையையும் மேசையில் வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு அவர் கிளம்பினார்.

சாயங்காலம் தங்கை வந்தபோது அக்கா அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழுங்கவும் பயம், தூக்கிப் போடவும் பயம். தங்கை பொறுமையாக விளக்கினாள். உடம்பின் மற்ற இடங்களில் நோய்பட்ட அணுக்களைக் கொல்வதால் வந்த பெயர் அது. கருப்பையில் இருப்பவை அதே குடும்பமானாலும், ரத்தக் குழாய்களை அகலமாக்கிக் கருவுக்கு ரத்தம் போக வழி செய்பவை.

"அப்ப எனக்கு ஏன் ரெண்டு தடவை கலைஞ்சுது?"

"தெரியலக்கா."

"எட்டு வருஷம் படிச்சுட்டுத் தெரியலங்கற. மாமாவாவது ஒரு காரணம் சொன்னாரு."

தங்கைக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த இனம் ஏன் அழிவதே இல்லை என்று இப்போது புரிகிறதா? தெரியாது என்று சொல்ல எட்டு வருஷம் ஆகிறது, தெரியும் என்று சொல்ல எட்டு நொடி ஆவதில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு எது கையில் கிடைக்கிறதோ அதுதான் ஆறுதல். அந்த ஆளை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் டாக்டரம்மா அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டார். ஸ்கேனில் குழந்தையின் இதயம் துடித்தது. இருந்தும் வயிற்றைத் தொடப் போகும் அக்காவின் கை இன்றைக்கும் ஒரு கணம் தயங்குகிறது. தன் உடம்பையே அவள் சந்தேகப்படும்படி ஆகிவிட்டது.

மாமா வருந்தினாரா? "தப்பான பேரை வெச்சது உங்க ஆளுங்க. நான் அர்த்தம்தானே சொன்னேன்" என்று தங்கையிடமே சொன்னார். அடுத்த வாரமே எதிர்வீட்டு மருமகளிடம், கில்லர் செல் கர்ப்பத்துக்கு ரொம்ப நல்லதென்றும், தங்கள் வீட்டு ஆராய்ச்சியிலேயே கண்டுபிடித்தாயிற்றென்றும், அது பெருக ஒரு பவுடர் இருப்பதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போகட்டும். இதுவரை படித்ததில் உங்களுக்கும் கில்லர் செல்லைப் பற்றி நாலு வரி தெரிந்துவிட்டது. தெரிந்த வட்டத்தில் கர்ப்பமாக இருக்கும் யாருடைய முகமாவது இப்போது மனதில் வருகிறதா? ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது என்று தோன்றுகிறதா?

போனைக் கீழே வையுங்கள், மாமா.