ஏழாவது பாரம்

பெரியவரின் வாழ்க்கை வரலாற்றில், தொண்ணூற்றேழாம் பக்கத்தில், பூனை ஒன்று கூரையிலிருந்து குதித்தது.

அதன் தலைக்கு மேல் "டமால்!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மடிப்பு புத்தகத்தை மூடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தார். பூனை இன்னும் குதித்துக்கொண்டுதான் இருந்தது.

"நான் சொன்னப்ப நம்பினீங்களா?" என்றாள் அவர் மனைவி, தையல் இயந்திரத்தை விட்டு எழாமலே. "பூனைக் கதையில ஏழாவது பாரம் குறையுது, பெரியவர்ல ஏழாவது பாரம் மிச்சம் கிடக்குதுன்னேன். அப்ப பூனை எங்க போயிருக்கும்? பெரியவருக்குள்ளதான்!"

மடிப்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அச்சகத்தின் பைண்டிங் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். கையில் எந்தக் காகிதம் அகப்பட்டாலும், அது பேருந்துச் சீட்டாக இருந்தாலும், மூன்று முறை மடித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். மனைவி அதே பிரிவில் நூல் தையல் போடுகிறவள்.

மூன்று முறை மடிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புத்தகம் ஒவ்வொரு பக்கமாக அச்சாவதில்லை. ஒரு பெரிய தாளின் இரண்டு புறமும் சேர்த்துப் பதினாறு பக்கங்களைப் பரப்பிவிடுவார்கள். சில நேராக நிற்கும், சில தலைகீழாகத் தொங்கும். விரித்துப் பார்த்தால் யாரோ குடித்துவிட்டு அச்சடித்தது போல இருக்கும். மடி, திருப்பி மடி, இன்னொரு தரம் மடி; அவ்வளவுதான், வாத்தியாரைக் கண்ட பிள்ளைகள் மாதிரி பதினாறு பக்கமும் வரிசையில் வந்து நின்றுவிடும். அந்த மடித்த கட்டுக்குப் பாரம் என்று பெயர். பாரங்களை அடுக்கித் தைத்து அட்டை போட்டால் புத்தகம்.

அடுக்கும்போது வரிசை தப்பிவிடக் கூடாதே? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் இருக்கும். முதல் பாரத்தில் உச்சியில், அடுத்ததில் கொஞ்சம் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. எல்லாவற்றையும் அடுக்கி முதுகைப் பார்த்தால் படிக்கட்டு இறங்குவது போலத் தெரியும். ஒரு படி காணவில்லை என்றால் ஒரு பாரம் காணவில்லை.

"படி சரியா இருந்தா புத்தகம் சரி" என்பது மடிப்பின் வேதம். "உள்ள என்ன இருக்குங்கறது எழுதினவன் பாடு, படிக்கிறவன் பாடு. எனக்கென்ன?" அவர் கட்டிய புத்தகங்களுக்குக் கணக்கில்லை. படித்தது ஒன்றுகூட இல்லை.

வினை அங்கேதான் வந்தது. அந்த வாரம் மூன்று மேஜைகளில் மூன்று புத்தகங்கள். ஒன்று பெரியவரின் வாழ்க்கை வரலாறு. இன்னொன்று காதல் நாவல். மூன்றாவது, துப்பறியும் பூனையின் படக்கதை. மூன்றும் ஒரே அளவு, ஒரே தாள். பெரியவர் மேஜையில் ஏழாவது பாரம் தீர்ந்ததும், மீதிக் கட்டு உள்ளே கிடப்பது தெரியாமல் மடிப்பே கையை நீட்டி, "ஏழுதானே, இந்தா" என்று பக்கத்து மேஜையிலிருந்து ஒரு கட்டைத் தூக்கி வைத்தார். படிக்கட்டில் ஒரு குறையும் இல்லை. ஏழாவது படியில் பூனை உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"சரி விடு, பிரிச்சுக் கட்டிடலாம்" என்றார்.

"இங்க இருக்கறதைப் பிரிக்கலாம். தங்க எழுத்துப் போட்டு ஒண்ணு பண்ணோமே, முதலாளியம்மா காலையில கையோட கொண்டு போய்ப் பெரியவர்கிட்ட குடுத்துட்டாங்களே, அதை?"

மடிப்பு கையிலிருந்த புத்தகத்தையே மூன்றாக மடிக்கப் பார்த்தார்.

பெரியவர் ஊர் முழுக்கப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்பார்கள். முதலாளியம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இந்தப் புத்தகம் அவருக்குப் பிடிச்சா, அத்தனை பள்ளிக்கூடத்து நூலக வேலையும் நமக்கு. பிடிக்கலைன்னா பைண்டிங் பிரிவை மூடிட்டு வேலையை வெளியில குடுத்துடுவேன். உங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் என்ன, நூல் கோத்து விளையாடவா?"

மடிப்பு அடுக்கிலிருந்து இன்னொரு பிரதியை உருவினார். ஏழாவது பாரத்தை விரலால் விர்ரென்று ஓட்டினார். பூனை இல்லை. வெறும் எழுத்துதான். அதற்கும் தங்க எழுத்து அட்டை போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

பெரியவர் வீட்டுக் கதவைத் திறந்தது, சமையலுக்கும் ஒத்தாசைக்கும் இருக்கிற பெண். கையில் கரண்டி.

"தங்க எழுத்து இன்னும் காயலை, தங்கச்சி. தொட்டா கையில ஒட்டும். அதான் காய்ஞ்சதா வேற கொண்டாந்தேன்."

"மெல்லப் பேசுங்கண்ணே. ஐயாவுக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆகி கட்டுப் போட்டிருக்கு. இப்பதான் மருந்து குடுத்தேன். மருந்து குடுத்தா தானா ஏதேதோ பேசிக்கிட்டே தூங்குவார்."

"கட்டா? அப்ப புத்தகத்தை எப்படிப் படிப்பார்?"

"என்னைத்தான் வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்கார்" என்று கரண்டியைப் பார்த்தபடி சொன்னாள்.

மடிப்பு மனசுக்குள் கணக்குப் போட்டார். கண்ணால் படிக்கிறவர் என்றால் பூனையைப் பார்த்து ஏதோ அச்சுப் பிழை என்று புரட்டிக்கொண்டு போகலாம். வாய்விட்டு வாசித்தால்? 'அப்போது ஐயா கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார், டமால், மியாவ்!' பிரதிகளை மாற்றிக்கொண்டு, சாமியே காப்பாற்றியது என்று திரும்பினார்.

சாமிக்கு அன்று வேறு வேலை இருந்தது போலிருக்கிறது. அச்சகத்தில் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னங்க, குடுத்த பிரதியைப் படிச்சுப் பாத்தீங்களா?"

"பூனை இல்லை. பாத்துட்டேன்."

"பூனை இருக்காது. நாவல் ஏழும் குறையுது. பூனைக் கட்டு தீந்ததும் நாவல் மேஜையிலேருந்தும் ஒரு கட்டு எடுத்து வச்சீங்களா?"

வைத்தார்தான். 'ஏழுதானே, இந்தா' என்ற நல்ல மனசு ஒரு தடவையோடு நிற்கவில்லை.

"அந்த ஏழுல என்ன வருது?" என்று கேட்டார். மனைவி தைக்கும்போதே எல்லாவற்றையும் படித்துவிடுவாள். ஒரே பாரம் நூற்றுக்கணக்கில் கைக்கு வந்தால் மனப்பாடமே ஆகிவிடும்.

"மழை கொட்டுது. ரயில் நிலையம். அவன் அவ கையைப் பிடிச்சு, 'நீ இல்லாத ஊர்ல நான் இறங்க மாட்டேன்'ங்கறான். அப்புறம் பதினாறு பக்கமும் கையை விடவே இல்லை."

"கல்யாணமே பண்ணாத மனுஷன்!" என்று மடிப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். "பூனையே இருந்திருக்கலாம்."

மறுநாள் காலை, கையில் சரியான ஏழாவது பாரம். இந்த முறை மனைவியே ஆரம்பம் முதல் முடிவு வரை படித்துச் சரிபார்த்தது. இன்னொரு புத்தகம் கொண்டுபோனால் சந்தேகம் வரும், அங்கேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்று திட்டம். பையில் கத்தி, ஊசி, நூல், ஒரு டப்பா பசை.

கதவைத் திறந்த பெண்ணிடம், "ஒரு சின்ன ரிப்பேர், தங்கச்சி" என்றார். "வாசிக்க ஆரம்பிச்சாச்சா?"

"நேத்து சாயங்காலமே பாதி ஆயிடுச்சு."

பாதி! தொண்ணூற்றேழு பாதிக்கு முன்னாலேயே வந்துவிடும். மடிப்பு குரலைத் தாழ்த்தினார். "நடுவுல... மழை, ரயில் நிலையம், அந்த மாதிரி ஏதாவது வந்துச்சா?"

"வந்திருக்கும்ணே. வாழ்க்கைன்னா எல்லாந்தானே வரும்?"

"ஐயா ஒண்ணும் சொல்லலையா?"

"இன்னும் இன்னும்னார்."

மடிப்புக்கு இது நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தைக் கிடத்தினார். அட்டையை நீக்கி, தையலை அறுத்து, மழையையும் ரயில் நிலையத்தையும் உருவிப் பைக்குள் திணித்தார். அந்தச் சமயம் பார்த்து மின்விசிறிக் காற்றில் மேலே இருந்த பாரங்கள் பறந்தன. ஒன்று அடுப்படிக்குள், ஒன்று நாற்காலிக்கு அடியில், ஒன்று நேரே தண்ணீர்ப் பானைக்குள். பெரியவரின் இளமைப் பருவம் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. அதை அடுப்பின் மேல் காட்டிக் காயவைத்தார். ஓரம் கொஞ்சம் பழுப்பானது. எல்லாவற்றையும் சேர்த்து, படிக்கட்டு பார்த்து, அவசர அவசரமாகத் தைத்துப் பசை தடவி அட்டைக்குள் வைத்தார். இனி மேலே கனமாக எதையாவது வைத்து ஒரு நாள் அசைக்காமல் விட வேண்டும். அப்போதுதான் முதுகு பிடிக்கும்.

"எங்கம்மா புத்தகம்?" என்று உள்ளேயிருந்து இடி இடித்தது.

"ஒரு நாள் பொறுக்கணும்னு சொல்லு, தங்கச்சி."

"ஐயாகிட்ட யாருண்ணே அப்படிச் சொல்றது? நீங்க வேணா சொல்லுங்க."

மடிப்பு பசை டப்பாவை மூட ஆரம்பித்தார். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பாதி திறந்த கதவு வழியே மடிப்பு எட்டிப் பார்த்தார். கண்ணில் கட்டோடு சாய்வு நாற்காலியில் பெரியவர். எதிரே முக்காலியில் அவள், புத்தகத்தை விரித்தபடி. முதுகில் தங்க எழுத்துக்கள் பளபளத்தன.

தலைகீழாக.

மடிப்பின் உயிர் உச்சிக்குப் போய்விட்டு வந்தது. பைண்டிங்கில் செய்யக்கூடாத தப்புகளிலேயே பெரிய தப்பு அது: உள்ளே நேர், அட்டை தலைகீழ். புதிதாக வந்தவன்கூடச் செய்ய மாட்டான். அவசரத்தில் அட்டையைத் திருப்பி ஒட்டிவிட்டோமே! கண் கட்டை அவிழ்த்த அன்றைக்கே பெரியவர் முதலில் பார்க்கப் போவது, தலைகீழாகத் தொங்கும் தன் பெயரைத்தான். பைண்டிங் பிரிவு போயிற்று. மனைவி தையல் இயந்திரத்துக்கு உறை போட்டு மூடுவதுகூடக் கண்ணில் தெரிந்தது.

அப்போது உள்ளே ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தார். பிறகு நாற்காலி உடைகிறதோ என்று நினைத்தார். இரண்டும் இல்லை. பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யார் அங்க, அச்சகத்துக்காரரா? உள்ள வாய்யா!"

மடிப்பு கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார். "ஐயா, தப்பு எம்மேலதான். என் சம்சாரத்துக்கும் இதுக்கும்..."

"என்ன தப்பு? இதுவரைக்கும் என்னைப் பத்தி எத்தனையோ பேர் எழுதிட்டாங்க. எல்லாத்திலயும் நான் கட்டடம் திறந்துக்கிட்டே இருப்பேன். இதுலதான்யா நான் மனுஷனா இருக்கேன்! நான் சைக்கிள் கத்துக்கிட்டப்ப நேராப் போய்த் தலைமையாசிரியர் மேல மோதி, ரெண்டு பேரும் குளத்துல விழுந்தோம். அவர் குடை மட்டும் படகு மாதிரி மிதந்து போச்சு. இதை நானே மறந்துட்டேன்! அந்த எழுத்தாளனுக்கு யாருய்யா சொன்னா?"

"தெரியலைங்கய்யா. நான் பைண்டிங்."

"எங்க அத்தனை பள்ளிக்கூடத்துக்கும் இந்தப் புத்தகம் போகணும். பிள்ளைங்க சிரிக்கட்டும். நூலக வேலையெல்லாம் உங்களுக்குத்தான்னு உங்க முதலாளியம்மாகிட்ட சொல்லிடறேன். ஆனா ஒண்ணு. இவ வாசிச்சது வாசிச்சபடியே இருக்கணும், ஒரு வரி மாறக் கூடாது. ரெண்டாம் பாகமும் வேணும். அதே ஆளே எழுதணும்!"

மடிப்பு வாசலுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார். "பிரிவு பிழைச்சுது! அந்தச் சைக்கிள் கதை, குடை மிதந்து போனது, எல்லாம் அவருக்கு அப்படிப் பிடிச்சுப் போச்சு!"

மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது. "என்னங்க, முதல் பாரத்திலேருந்து கடைசி வரைக்கும் தைச்சவ நான். அதுல சைக்கிளே கிடையாது. முழுக்க ரிப்பன் வெட்டறதுதான்."

"நாவல்ல? பூனையில?"

"பூனை எதுக்குங்க சைக்கிள் ஓட்டுது?"

மடிப்பு திரும்பினார். அந்தப் பெண் புத்தகத்தோடு வாசலில் நின்றாள். முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்வோம் என்று கையை நீட்டினார்.

"குடு தங்கச்சி. அட்டையைத் தலைகீழா ஒட்டிட்டேன், சரி பண்ணிடறேன்."

வாங்கிப் பார்த்தார். முன்பக்கம் திருப்பினார். பின்பக்கம் திருப்பினார். திறந்து பார்த்தார். அட்டையும் நேர், உள்ளேயும் நேர். பிசிறில்லாத வேலை.

"அட்டை சரியாத்தானே இருக்கு?" என்று அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்தச் சைக்கிள் எந்தப் பக்கத்துல வந்துச்சு?"

அவள் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினாள்.

"பக்கமெல்லாம் எனக்கெப்படித் தெரியும்ணே? மருந்து மயக்கத்துல ஐயா சொன்னதைத்தான் திருப்பி அவருக்கே சொன்னேன். இந்தப் பாகத்தையும் ரெண்டாம் பாகத்தையும் நான் சொல்லச் சொல்ல உங்க வீட்டு அண்ணிதான் எழுதிக்கணும், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது."